பிடித்த மீனைத் திருப்பி விடலாமா?



ஒரு கேள்வி. படகில் போய்த் தூண்டில் போடுகிறீர்கள். பளபளவென்று ஒரு மீன் சிக்குகிறது. அது துள்ளுவதைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. 'பிழைத்துப் போ' என்று தண்ணீரில் விட்டு விடுகிறீர்கள். நீங்கள் செய்தது நல்ல காரியம்தானே?

'இதில் என்ன சந்தேகம்?' என்பீர்கள். சந்தேகம் இருக்கிறது குட்டீஸ்! விடுவது சில சமயம் நல்லது, சில சமயம் நல்லதல்ல என்பது என் கருத்து. எப்போது எது என்று தெரிய, அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துக்கு ஒரு நடை போய் வரலாம், வாருங்கள்.

மலைகளுக்கு நடுவே ஒரு நீர்த்தேக்கம்

கொலராடோவில் கன்னிசன் என்று ஓர் ஆறு. 1960-களில் அதன் குறுக்கே அணை கட்டினார்கள். அதனால் உருவானதுதான் புளூ மேசா நீர்த்தேக்கம். நீளம் சுமார் 32 கி.மீ.! அந்த மாநிலத்திலேயே மிகப் பெரிய நீர்த்தேக்கம் இதுதான்.

இங்கே இரண்டு மீன்கள் பிரபலம். ஒன்று, கொக்கனி சால்மன். சாக்கை சால்மன் என்ற கடல் மீனின் சொந்தக்காரன். ஆனால், கடலுக்கே போகாமல் ஏரியிலேயே வாழ்ந்து முடிக்கும். தண்ணீரில் மிதக்கும் பொடிப் பொடி உயிரினங்கள்தான் இதன் சாப்பாடு. மூன்று, நான்கு வயதானதும் இலையுதிர் காலத்தில் வெள்ளி நிறம் மாறிச் சிவந்து போகும். ஆற்றில் எதிர்நீச்சல் போட்டுப் பிறந்த இடத்துக்கே திரும்பும். ஒரே ஒரு முறை முட்டையிடும். பிறகு இறந்து விடும். அவ்வளவுதான் அதன் வாழ்க்கை.

இன்னொன்று, லேக் ட்ரவுட். ஆழமான, குளிர்ந்த தண்ணீரில் வாழும். மெதுவாக வளரும், 20, 30 ஆண்டுகளுக்கு மேல்கூட வாழும். இதற்குப் பிடித்த சாப்பாடு என்ன தெரியுமா? சாட்சாத் நம் கொக்கனியேதான்!

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இரண்டுமே அந்த ஊர் மீன்கள் அல்ல. மனிதர்கள் கொண்டு வந்து விட்டவை.

படகு ஊர்ந்தால்தான் மீன்!

இந்த மீன்களைப் பிடிக்கும் முறைக்கு 'ட்ரோலிங்' என்று பெயர். கரையில் உட்கார்ந்து தக்கையைப் பார்த்துக் கொண்டிருக்கும் வேலை இல்லை. தூண்டிலைத் தண்ணீருக்குள் விட்டுப் படகை மெதுவாக ஓட்டிக் கொண்டே இருக்க வேண்டும். வேகம் மணிக்கு 2 அல்லது 3 கி.மீ.தான். நாம் நடந்தாலே படகை முந்தி விடலாம்!

கோடையில் ஏரியின் மேல் தண்ணீர் சூடாகி விடும். கொக்கனி குளிர்ச்சியைத் தேடிக் கீழே இறங்கி விடும். எந்த ஆழத்தில் இருக்கிறது என்று சோனார் திரையில் பார்ப்பார்கள். பிறகு, கம்பிக் கயிற்றின் நுனியில் பீரங்கிக் குண்டு போல ஓர் எடையைக் கட்டி இறக்குவார்கள். அதில் தூண்டில் நரம்பைக் கிளிப் போட்டு மாட்டியிருப்பார்கள். மீன் கடித்ததும் கிளிப் விடுபடும். அப்புறம் மீனுக்கும் மனிதருக்கும் நேருக்கு நேர் போட்டிதான்.

பொடி உயிரினங்களைத் தின்னும் கொக்கனி தூண்டிலை ஏன் கடிக்கிறது? முன்னால் ஒரு தகடு பளிச் பளிச்சென்று ஆடிக் கொண்டே போகும். பின்னால் சிவப்பு, இளஞ்சிவப்பு நிறத்தில் சின்னப் பொய் இரை வரும். அதைப் பார்த்து எரிச்சலாகித்தான் கடிக்கிறது என்பார்கள் அனுபவசாலிகள். லேக் ட்ரவுட்டுக்கு இந்த விளையாட்டெல்லாம் வேண்டாம். இன்னும் ஆழத்தில், மீன் போன்ற பெரிய பொய் இரையை இழுத்தால் போதும். பசியோடு பாய்ந்து வரும்.

33 கிலோ மீன்!

2023 மே மாதம் இதே புளூ மேசாவில் ஒருவர் தூண்டிலில் ராட்சத லேக் ட்ரவுட் சிக்கியது. எடை சுமார் 33 கிலோ! கனடாவின் கிரேட் பேர் ஏரியில் 1995-ல் பிடிபட்ட உலக சாதனை மீனை விடவும் கொஞ்சம் அதிகம். அவர் என்ன செய்தார் தெரியுமா? எடை பார்த்து விட்டு மீனைத் தண்ணீரிலேயே விட்டு விட்டார். அதனால் அது அதிகாரபூர்வமான சாதனையாகப் பதிவாகவில்லை.

அவர் செய்தது சரி என்பேன். அவ்வளவு பெரிதாக வளர ஒரு மீனுக்குப் பல பத்து ஆண்டுகள் ஆகும். அப்படிப்பட்ட கிழ மீன்கள் ஏரியில் மிகக் குறைவு. பேரும் புகழும் வேண்டாம் என்று விட்டாரே, அவருக்கு ஒரு 'ஓ' போடலாம்.

ஆனால், சின்ன லேக் ட்ரவுட்டையும் 'பாவம்' என்று எல்லோரும் விட்டுக் கொண்டே இருந்தால் என்ன ஆகும்? அவை பெருகும். கொக்கனியைத் தின்று தீர்க்கும். இது கற்பனை இல்லை. புளூ மேசாவில் லேக் ட்ரவுட் பெருகிய காலத்தில் கொக்கனி மளமளவென்று குறைந்தது. கொலராடோவின் மற்ற ஏரிகளுக்கான கொக்கனிக் குஞ்சுகளுக்கும் முக்கியமான முட்டைகள் இங்கிருந்துதான் கிடைக்கின்றன. இங்கே குறைந்தால் அங்கேயும் குறையும்! அதனால்தான் 2020-களில் மாநில வனவிலங்குத் துறை, 60 செ.மீ.க்கு உட்பட்ட லேக் ட்ரவுட்களைப் பிடிப்பவர்களுக்குப் பரிசுப் போட்டியே நடத்தியது.

சரி, கொக்கனி பிடிபட்டால்? அதை விடலாமே என்பீர்கள். அங்கேயும் சிக்கல்! கொக்கனியின் வாய் மிக மென்மையானது. தூண்டில் முள்ளில் கிழிந்து விடும். செதில்களும் சட்டென்று உதிரும். ஆழத்தின் குளிரில் இருந்து மேலே உள்ள வெதுவெதுப்பான தண்ணீருக்கு வந்ததில் பாதி உயிர் போயிருக்கும். நீந்திப் போவது போலத் தெரியும். பிறகு செத்து விடலாம். நம் கண்ணுக்குத் தெரியாததால் நாம் நல்லவர்களாகி விடுவோமா? சட்டம் அனுமதித்த எண்ணிக்கை வரை பிடியுங்கள், வீட்டுக்குக் கொண்டு போய்ச் சாப்பிடுங்கள். எண்ணிக்கை முடிந்ததும் தூண்டிலைச் சுருட்டி வையுங்கள். பிடித்துப் பிடித்து விடுவதை விட அதுதான் உண்மையான கருணை.

'மீனே பிடிக்காமல் இருந்தால் என்ன?' என்று உங்களில் சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. மனிதன் கை வைக்காத ஏரி என்றால் அப்படியே விட்டு விடலாம். இங்கே அணையைக் கட்டியது நாம். இரண்டு மீனையும் கொண்டு வந்து விட்டதும் நாம். இப்போது 'எனக்கென்ன?' என்று ஒதுங்கினால் எப்படி?

இறால் செய்த கலாட்டா

கொண்டு வந்து விடுவது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதற்கு மொன்டானா மாநிலத்தின் பிளாட்ஹெட் ஏரி சாட்சி. அங்கேயும் வெளியில் இருந்து வந்த கொக்கனியும் லேக் ட்ரவுட்டும் இருந்தன. 1960-களின் கடைசியில், 'கொக்கனிக்கு நல்ல தீனி' என்று நினைத்து மைசிஸ் என்ற குட்டி இறாலை அக்கம் பக்கத்து ஏரிகளில் விட்டார்கள். அது மெல்ல நகர்ந்து 1981-ல் பிளாட்ஹெட்டுக்கும் வந்து விட்டது.

நடந்தது தலைகீழ்! அந்த இறால் பகலில் ஏரியின் அடியில் பதுங்கிக் கொள்ளும். இரவில் மேலே வந்து, கொக்கனி தின்ன வேண்டிய பொடி உயிரினங்களைத் தானே தின்று விடும். அடியில் வாழும் லேக் ட்ரவுட் குட்டிகளோ இறாலைத் தின்று கொழுத்தன. வளர்ந்ததும் கொக்கனியைத் தின்றன. 1985-ல் மெக்டொனால்டு என்ற ஓடைக்கு முட்டையிட வந்த கொக்கனி ஒரு லட்சத்துக்கும் மேல். 1987-ல் சில நூறுதான்!

அந்த மீன்களைத் தின்ன 1981-ல் ஒரே சமயத்தில் அறுநூறுக்கும் மேற்பட்ட வெண்தலைக் கழுகுகள் அங்கே கூடின. 1989-ல் எண்ணியபோது 25. ஏரிக்குள் விட்ட குட்டி இறால், வானத்தில் பறந்த கழுகையே விரட்டி விட்டது பார்த்தீர்களா?

இன்று பிளாட்ஹெட்டில் லேக் ட்ரவுட் பிடிப்பவர்களுக்குப் போட்டி வைத்துப் பரிசு தருகிறார்கள். போன கொக்கனி திரும்பவில்லை.

நாம் என்ன செய்யலாம்?

நம் வீட்டுத் தொட்டியில் 'டேங்க் கிளீனர்' என்று கறுப்பாக ஒரு மீன் வளர்க்கிறோமே, அது தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. பெரிதாகி விட்டால் சிலர் 'பாவம், பிழைத்துப் போகட்டும்' என்று ஏரியில் விட்டு விடுகிறார்கள். இப்போது அது நம் ஊர் ஏரி, குளங்களில் மீனவர் வலையில் சிக்குகிறது. வாங்கத்தான் ஆள் இல்லை. அதை விட்டவர்களும் கருணையோடுதான் விட்டார்கள்!

ஆகவே குட்டீஸ், ஓர் உயிரைத் தண்ணீரில் விடும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். 'இது இங்கே யாரைத் தின்னும்? யாருடைய சாப்பாட்டைத் தின்னும்?' பதில் தெரியவில்லை என்றால் விடாதீர்கள். மீன் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். இல்லாவிட்டால் பெரிய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் கொடுங்கள்.

ஒரு மீனுக்கு மட்டும் இரக்கப்படுவது சுலபம். ஏரி முழுவதற்கும் இரக்கப்பட, கொஞ்சம் யோசிக்கவும் வேண்டும். யோசிப்பீர்கள்தானே?