ஸ்டெப்னிக்குக் காத்து இருக்கா?



"லிங்க் இல்லை, நாளைக்கு வாங்க!" இந்த வார்த்தையைக் காதால் கேட்காதவர் நம்மில் யார்? போன வருடம் பரீட்சைக் கட்டணம் கட்டக் கடைசி நாளுக்கு முந்தின நாள். பணம் எடுக்க எங்க கிராமத்து வங்கிக்கு அப்பா போனார். (எந்த வங்கி என்று சொல்லமாட்டேன். எங்கே போனாலும் இதே கதைதானே!) பத்து மணிக்கு வரிசையில் நின்றவர், இரண்டு மணிக்கு வெறுங்கையோடு திரும்பினார். பக்கத்து வீட்டில் கைமாத்து வாங்கித்தான் கட்டினோம்.

எங்க வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அதனால் என்னிடம்தான் கேட்டார்: "லிங்க்குன்னா என்னடா? அது போச்சுன்னா வேற ஒண்ணு வெச்சிருக்க மாட்டாங்களா?"

எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற எனக்குப் பதில் தெரியவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. அப்புறம் ஆசிரியர்களையும் சீனியர்களையும் நச்சரித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்த வங்கி மாடியில் ஒரு தட்டு ஆன்டெனா இருக்கிறது. அதன் பெயர் வி-சாட். கீழே உள்ள மோடம் நம் கணக்கு விவரத்தை ரேடியோ அலையாக்கி, சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளுக்கு அனுப்புகிறது. அங்கிருந்து அது 'ஹப்' எனப்படும் பெரிய தரைநிலையத்தில் இறங்குகிறது. நடுவில் எது செத்தாலும் லிங்க் இல்லை!

அப்பா ஆரணி அரிசி லோடு ஏற்றுகிற லாரி டிரைவர். அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னால், ஹப்பில் ஸ்டெப்னி உண்டு. ரொம்ப முக்கியமான லிங்க்குக்கு ஒரு மோடத்துக்கு இன்னொரு மோடம் என்று ஜோடியாக வைப்பார்கள். செலவு கட்டாது என்றால் பல மோடங்களுக்குச் சேர்த்து ஒன்று, ஆறு சக்கரத்துக்கு ஒரு ஸ்டெப்னி மாதிரி. இரண்டுக்கும் நடுவே ஒரு மாற்று ஸ்விட்ச் காவல்காரன் போல உட்கார்ந்திருக்கும். மெயின் மோடம் 'எனக்குக் கோளாறு' என்று அலாரம் கொடுத்தால், கண நேரத் தடுமாற்றமா நிஜக் கோளாறா என்று கொஞ்சம் பொறுத்துப் பார்க்கும். நிஜம்தான் என்றால் ஆன்டெனா பக்கத்துக் கேபிளையும் டேட்டா கேபிளையும் சேர்த்தே ஸ்டாண்ட்பை மோடத்துக்கு மாற்றிவிடும். பலருக்குப் பொதுவான ஸ்டாண்ட்பை என்றால், செத்தவனுடைய அலைவரிசை, வேகம் எல்லாவற்றையும் முதலில் தன்மேல் ஏற்றிக்கொள்ள வேண்டும். அதுவரை ஸ்டாண்ட்பை வாயைத் திறக்கக்கூடாது. ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் பேசினால் இரண்டும் கெட்டது!

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று. அந்த ஸ்விட்சுக்கே கரண்ட் போனால்? நல்ல ஸ்விட்சுகளில் ரிலே இருந்த நிலையிலேயே நின்றுவிடும். ஓடிக்கொண்டிருக்கிற லிங்க் அறுபடாது. காவல்காரன் மயங்கி விழுந்தாலும் கதவு திறந்தே இருக்கும். இதை யோசித்துச் செய்த எஞ்சினியருக்கு ஒரு சலாம்!

சரி, மேலே செயற்கைக்கோளே செத்தால்? அப்படியும் நடந்தது. 1997 ஜூனில் ஏவிய இன்சாட்-2டி, அதே வருடம் அக்டோபரில் மின்சாரக் கோளாறால் செயலிழந்தது. வி-சாட் மூலம் நடந்துவந்த தேசிய பங்குச்சந்தையின் வியாபாரம் தடைப்பட்டது. நாடே பரபரத்தது. கொஞ்ச நாளிலேயே, ஏற்கெனவே வானில் இருந்த அராப்சாட்-1சி என்ற செயற்கைக்கோளை விலைக்கு வாங்கி, இன்சாட்-2டிடி என்று பெயர் மாற்றி ஓட்டினார்கள். வானத்திலேயே ஸ்டெப்னி வாங்கிய கதை இது!

இங்கேதான் என் கேள்வி. பங்குச்சந்தைக்கு லிங்க் போனால் செயற்கைக்கோளே வாங்கலாம். ஹப்பில் ஜோடி ஜோடியாக மோடம் வைக்கலாம். எங்க கிராமத்துக் கிளையில் மட்டும் ஏன் ஒரே மோடம்? ஹப் நின்றால் ஆயிரம் கிளை நிற்கும், ஒரு கிளை நின்றால் ஒரு ஊர்தான் என்று கணக்குச் சொல்வார்கள். கணக்கு சரிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஒரு ஊரில் முதியோர் பென்ஷனுக்கு நிற்கிற பாட்டிக்கு வேறு வங்கி கிடையாதே! நகரத்தில் இருப்பவர் அடுத்த தெரு ஏ.டி.எம்முக்குப் போவார். மாற்று வழியே இல்லாதவனுக்குத்தான் முதலில் ஸ்டாண்ட்பை வேண்டும் என்பது என் கட்சி.

இப்போது சில கிளைகளில் துணைக்கு சிம் போட்ட ரவுட்டர் வைக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் இரண்டும் ஒரே யு.பி.எஸ்ஸில் செருகியிருந்தால்? பேட்டரி இறங்கினால் மெயினும் போச்சு, ஸ்டாண்ட்பையும் போச்சு. அப்பா வண்டியை எடுக்குமுன் ஆறு டயரையும் தட்டிப் பார்ப்பார். ஏழாவதாக ஸ்டெப்னியையும் தட்டுவார். காத்து இல்லாத ஸ்டெப்னி வெறும் பாரம்தான் என்பார். எத்தனை இடத்தில் மாதம் ஒருமுறையாவது மெயினை வேண்டுமென்றே நிறுத்திவிட்டு, ஸ்டாண்ட்பை எழுந்து வருகிறதா என்று பார்க்கிறார்கள்?

நம் பக்கமும் தப்பு இருக்கிறது. மோடம் பிளாக் டயகிராமைப் பத்து மார்க்குக்கு மனப்பாடமாக எழுதுவோம். அதில் எந்தக் கட்டம் செத்தால் என்ன ஆகும் என்று யாராவது கேட்டதுண்டா? நாளைக்கு அந்தக் கிளைகளுக்கு சர்வீஸ் பையைத் தூக்கிக்கொண்டு போகப்போவது நாம்தானே!

நம் லேபில் பழைய மோடம் இரண்டு தூசி படிந்து கிடக்கிறது. ரிலே, பேட்டரி, அலாரத்துக்கு ஒரு சின்ன சர்க்யூட் இருந்தால் மாற்று ஸ்விட்ச் ஒன்றைச் செய்து பார்த்துவிடலாம். இறுதியாண்டு புராஜெக்டுக்கு இதைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். டீமில் இன்னும் இரண்டு பேர் வேண்டும்.