அமைதிப் பேச்சில் பெண்களின் இடம்

போர் என்றதும் துப்பாக்கி ஏந்திய ஆண்களின் உருவமே பலருக்கும் நினைவுக்கு வருகிறது. ஆனால், போரின் சுமையைத் தாங்குபவர்கள் படைவீரர்கள் மட்டுமல்லர். கணவனை இழந்து தனியே குடும்பத்தைக் காப்பவர்கள், கைக்குழந்தையோடு அகதி முகாமுக்கு ஓடுபவர்கள், பாலியல் வன்முறைக்கு அஞ்சி இரவைக் கழிப்பவர்கள் எனப் பெண்கள் படும் துன்பம் சொல்லில் அடங்காது. இருந்தும், போரை முடிக்கப் பேச்சுவார்த்தை தொடங்கும்போது அவர்களுக்கு அங்கே இருக்கை கிடைப்பது அரிது. 1992 முதல் 2019 வரை நடந்த முக்கிய அமைதிப் பேச்சுகளில் பங்கேற்ற பேச்சாளர்களுள் பெண்கள் சராசரியாக 13 விழுக்காட்டினர். உடன்பாடுகளில் கையெழுத்திட்டோருள் 6 விழுக்காட்டினர் மட்டுமே.

பெண்களைப் பாதுகாக்க வேண்டும் என்பதை எவரும் மறுப்பதில்லை. முடிவெடுக்கும் இடத்தில் அவர்களையும் அமர்த்த வேண்டும் என்னும்போதுதான் தயக்கம் எழுகிறது. இவ்விரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதை ஐக்கிய நாடுகளின் பாதுகாப்பு மன்றம் 2000ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் ஏற்றுக்கொண்டது. அன்று ஒருமனதாக நிறைவேறிய 1325ஆம் எண் தீர்மானம், போர்க்காலத்தில் பெண்களுக்குப் பாதுகாப்பு அளிக்குமாறு கேட்டதோடு, அமைதி முயற்சிகளின் எல்லா நிலைகளிலும் அவர்களைச் சேர்க்குமாறும் உறுப்பு நாடுகளை வலியுறுத்தியது.

பெண்களுக்கு இடம் தரப்படாதபோது என்ன நேர்கிறது என்பதற்கு மேற்கு ஆப்பிரிக்க நாடான லைபீரியா சான்று. அங்கு நீண்டகாலம் உள்நாட்டுப் போர் நடந்தது. 2003இல் லேமா குபோவி உள்ளிட்ட பெண்கள், கிறிஸ்துவர், முஸ்லிம் என்ற வேறுபாட்டை மறந்து ஒன்றுகூடினர். வெள்ளை ஆடை அணிந்து, தலைநகர் மன்ரோவியாவின் மீன் சந்தை அருகே வெயிலிலும் மழையிலும் அமர்ந்து அமைதி வேண்டினர். கானா நாட்டில் பேச்சுவார்த்தை இழுபறியானபோது அங்கும் சென்று, மண்டபத்தின் வாயிலை மறித்து அமர்ந்தனர். உடன்பாடு காணாமல் எழுந்து போகக்கூடாது என்றனர். அவ்வாண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் உடன்பாடு கையெழுத்தானது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு. எனினும், பெண்கள் தந்த அழுத்தத்தின் பங்கை மறுப்பதற்கில்லை. 2011இல் குபோவிக்கு அமைதிக்கான நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஆயினும் ஓர் உண்மை உறுத்துகிறது: தங்கள் நாட்டின் எதிர்காலத்தைப் பற்றிய பேச்சில், அப்பெண்கள் வாயிலுக்கு வெளியேதான் அமர வேண்டியிருந்தது.

பெண்கள் மேசையிலேயே அமர்ந்தால் என்ன மாற்றம் ஏற்படும்? இதற்கான விடை நம் அண்டை நாடான பிலிப்பீன்ஸில் இருக்கிறது. அந்நாட்டின் தென்பகுதியான மிண்டானாவில் அரசுக்கும் மோரோ இஸ்லாமிய விடுதலை முன்னணிக்கும் இடையே நீடித்த பூசலைத் தீர்க்க மலேசியா நடுவராக நின்று உதவியது. பேச்சுவார்த்தைகள் கோலாலம்பூரில் நடைபெற்றன. அரசியல் பேராசிரியரான மிரியம் கொரோனெல் ஃபெரர், அரசுக் குழுவில் உறுப்பினராக இருந்து பின்னர் அதன் தலைவரானார். முன்னணியின் தரப்பிலும் பெண்கள் ஆலோசகர்களாகப் பணியாற்றினர். 2014 மார்ச் 27ஆம் நாள் மணிலாவில் முழுமையான உடன்பாடு கையெழுத்தானது. கிளர்ச்சிக் குழு ஒன்றுடன் இறுதி அமைதி உடன்பாட்டில் கையெழுத்திட்ட உலகின் முதல் பெண் தலைமைப் பேச்சாளராக ஃபெரர் அறியப்படுகிறார். இதைவிட முக்கியமானது, எழுதப்பட்ட சொற்கள். 2012இல் ஏற்பட்ட அடிப்படை உடன்பாட்டிலேயே, பெண்கள் அரசியலில் பொருளுள்ள வகையில் பங்கேற்கும் உரிமையும் எல்லா வகை வன்முறையிலிருந்தும் பாதுகாப்புப் பெறும் உரிமையும் ஒரே வரியில் இடம்பெற்றன.

இதை ஏற்காதவர்களும் உள்ளனர். ஆயுதம் ஏந்தியவர்கள் பேசினால்தான் போர் நிற்கும். மற்றவர்களைச் சேர்த்தால் பேச்சு நீளும் என்பது அவர்கள் வாதம். துப்பாக்கிச் சத்தம் ஓய்வதற்கு ஆயுததாரிகளின் சம்மதம் தேவை என்பது சரியே. ஆனால், அதன்பின் கிணறு, பள்ளி, சந்தை, வயல் ஆகிய இடங்களுக்குப் பெண்கள் அச்சமின்றிச் செல்ல முடியுமா என்பதைப் படைத்தலைவர்கள் மட்டும் தீர்மானிக்க இயலாது. அந்த வழிகளில் நாள்தோறும் நடப்பவர்களுக்கே அவற்றின் ஆபத்து தெரியும்.

பெண்கள் அமர்ந்துவிட்டால் எல்லாம் நலமாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. மிண்டானாவ் உடன்பாடு கையெழுத்தான அடுத்த ஆண்டே மமாசபானோ என்ற ஊரில் மூண்ட மோதலில் 44 காவல் அதிரடிப் படையினர் உயிரிழந்தனர். மக்களின் சினம் பெருகியது. உடன்பாட்டைச் செயல்படுத்துவதற்கான சட்டமும் தடைபட்டது. ஆயினும், இரு தரப்பும் முழுப் போருக்குத் திரும்பவில்லை. 2018இல் சட்டம் நிறைவேறியது; 2019இல் பங்சாமோரோ தன்னாட்சிப் பகுதி உருவானது. அதன் நாடாளுமன்றத்தில் பெண்களுக்கென இடமும் ஒதுக்கப்பட்டது.

ஆகவே, பாதுகாப்பு என்பது பெண்களுக்காகப் பிறர் கட்டித்தரும் வேலி அன்று. வேலி எங்கே வேண்டும், வாயில் எங்கே வேண்டும் என்று சொல்லும் உரிமையும் அதில் அடங்கும். நாடுகள் தங்கள் பேச்சுவார்த்தைக் குழுக்களிலும் அமைதிகாப்புப் படைகளிலும் பெண்களைச் சேர்ப்பது சலுகை ஆகாது. கையெழுத்தான அமைதி ஊர் மக்களின் வாழ்விலும் நிலைக்க அதுவே வழி. லைபீரியப் பெண்கள் வாயிலில் அமர்ந்து கேட்டதை, அடுத்த தலைமுறைப் பெண்கள் மேசையில் அமர்ந்து எழுதும் நிலை எல்லா நாடுகளிலும் வர வேண்டும்.