போர்க்கருவி தந்த பாடம்

நோன்பு நாட்களில் ஸஹருக்கு எழும்பியதும் உம்மா முதலில் செய்வது வானொலியில் முஸ்லிம் சேவையைப் போடுவதுதான். மடுல்சீமைக் குளிரில் அந்தக் குரல் கேட்ட பிறகே எங்கள் வீட்டில் அடுப்பு எரியும். இலங்கையில் வானொலி எப்படித் தொடங்கியது என்று தேடிப் பார்த்தேன். அதன் வேர் ஒரு போர்க்கப்பலில் இருந்தது.

கடலில் தவிக்கும் கப்பல்களுக்கு மார்க்கோனியின் கம்பியில்லாத் தந்தி கைகொடுத்தது. 1912இல் டைட்டானிக் மூழ்கியபோது எழுநூறு பேரளவில் பிழைக்க அதுவே உதவியது. இரண்டே ஆண்டுகளில் முதலாம் உலகப் போர் மூண்டது. அதே கருவி நீர்மூழ்கிக் கப்பல்களிலும் ஏறியது.

போர் முடிந்தபின், இலங்கைத் தந்தி அலுவலகத்தின் பிரதம பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர், கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கியொன்றின் வானொலிக் கருவிகளைக் கொண்டு ஓர் ஒலிபரப்பியை உருவாக்கினார். 1923இல் அதிலிருந்து கிராமபோன் இசை ஒலித்தது. 1925 டிசெம்பர் 16ஆம் திகதி கொழும்பு வானொலி முறைப்படி ஆரம்பமானது.

இரண்டாம் உலகப் போரில் வானொலி மீண்டும் படைக்குப் போனது. 1942 ஏப்ரல் 4ஆம் திகதி, இலங்கையை நோக்கி வந்த ஜப்பானியக் கடற்படையைக் கனேடிய விமானி லெனார்ட் பர்ச்சலின் விமானம் கண்டது. சுட்டு வீழ்த்தப்படுவதற்குள் அதிலிருந்து வானொலியில் எச்சரிக்கை வந்து சேர்ந்தது. மறுநாள் கொழும்பில் குண்டுகள் விழுந்தன. ஆனால் அவை முன்னறிவிப்பின்றி விழவில்லை.

விஞ்ஞானம் அழிவையே தரும் என்பவர்களுக்கு என் பதில் இதுதான்: கருவி அதேதான், அதைக் கையில் எடுத்தவரின் நோக்கமே வேறு. நல்ல நோக்கம் மட்டும் இருந்தாலும் போதாது. ஹார்ப்பருக்கு அந்தக் கருவியைப் பற்றிய அறிவும் இருந்தது.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி, எமது பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியதை நாம் மறக்கவில்லை. மண்ணின் அசைவை அளக்கவும், ஆபத்தை நேரத்தோடு ஊருக்கு அறிவிக்கவும் இந்த மலைகளை அறிந்த பிள்ளைகள் வேண்டாமா? அவர்களில் பெண் பிள்ளைகளும் இருக்கக் கூடாதா?

உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்க ஆசைப்படுகிறேன் என்றதும், “அது ஆம்பிளப் பிள்ளைகள்ட பாடம்” என்றார் உறவினர் ஒருவர். வாப்பா இன்னும் பதில் சொல்லவில்லை. எங்கள் கல்லூரிச் சஞ்சிகையை அவர் ஒரு பக்கம் விடாமல் வாசிப்பவர். இந்தப் பக்கத்தையும் வாசிப்பார்.