கரும்பலகையில் ஏறாத பெயர்

உபாத்தியாயர் இல்லாத வேளையில் சட்டாம்பிள்ளை கரும்பலகையில் 'பேசியவர்' என்று தலைப்பிட்டுப் பெயர்களை எழுதிவைக்கும் வழக்கம் நம் பள்ளிகளில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. இதனால் மாணாக்கர் கற்பது யாது? வாய் திறப்பது குற்றம். சட்டாம்பிள்ளைக்குக் கடலைமிட்டாய் கொடுத்தால் அக்குற்றம் நீங்கும். இரண்டாவது பாடத்தை அவர்கள் வெகு விரைவில் கற்றுக்கொள்கிறார்கள்.

1903-ல் விருதுபட்டியில் பிறந்த காமராஜர் சிறுவயதில் படித்த க்ஷத்திரிய வித்தியாசாலை, வீடுதோறும் பெற்ற பிடி அரிசியைக் கொண்டு நடந்த பள்ளி. அங்கே நடந்த ஒரு விநாயக சதுர்த்தி பூஜையைப் பற்றிய கதை இன்றும் வழங்குகிறது. பிள்ளைகள் எல்லோரிடமும் காசு வசூலித்தார்கள். பிரசாதம் வழங்கியபோது முண்டியடித்தவர்களுக்கு நிறையக் கிடைத்தது. ஒதுங்கி நின்ற காமராஜருக்குக் கிடைத்ததோ சொற்பம். ஏனென்று வீட்டில் வினவியபோது, எல்லோரிடமும் காசு வாங்கியவர்கள் எல்லோருக்கும் சமமாக அல்லவா கொடுத்திருக்க வேண்டும் என்றாராம்.

ஒதுங்கி நின்ற பிள்ளையின் அடக்கத்தைப் புகழவே இக்கதையை நாம் எடுத்தாளுகிறோம். எனக்கு அதில் வேறொன்று தென்படுகிறது. முண்டியடித்த பிள்ளைகள் துஷ்டர்களல்லர். முண்டினால்தான் கிடைக்கும் என்று கண்டுகொண்டவர்கள். குற்றம் தட்டை ஏந்தி நின்றவரைச் சேர்ந்தது. அதே காமராஜர் முதல் மந்திரியாகி, 1956-ல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். தன் முறை வரும், தன் பங்கும் வரும் என்று நம்பிக்கையுள்ள பந்தியில் எந்தப் பிள்ளையும் முண்டுவதில்லை.

சிவகாசி வட்டாரத்துப் பிள்ளைகளுக்குக் கட்டுப்பாடு என்பது புதிதன்று. மருந்து கலக்கும் அறையில் இரும்புச் சாமான் ஆகாது, ஆட்கள் கூடி நிற்பதும் ஆகாது என்று பெற்றோர் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள். காரணமும் அறிவார்கள்: உராய்ந்தால் பொறி, பொறி பட்டால் தீ. வகுப்பு விதிகளுக்கோ நாம் காரணம் கூறுவதேயில்லை.

ஆகையால், 'செய்யாதே' என்னும் ஜாபிதாவை விட்டுவிட்டு, சிறு நிகழ்ச்சிகளைச் சொல்லி மாணாக்கரையே தீர்ப்புக் கூறும்படி விட்டேன். ஒருவன் பாடத்தின் நடுவே சந்தேகம் கேட்கிறான். ஒருத்தி, தவறாகப் படித்த தோழியைப் பார்த்து நகைக்கிறாள். இன்னொருவன் சத்தமின்றி அடுத்தவன் கணக்கைப் பார்த்தெழுதுகிறான். எவர் செய்கை பிறர் படிப்பைக் கெடுத்தது? முதல் நாள், சந்தேகம் கேட்டவனே குற்றவாளி என்றார்கள்! நகைத்தவளிடம் வந்து சேர மூன்று நாள் வாதம் வேண்டியிருந்தது. பிரம்பு இருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்குமே என்பார் உளர். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் அடிப்பதை விலக்கிவிட்டது; விலக்காவிடினும், நல்லது கெட்டதைப் பிரித்துக் காட்டப் பிரம்புக்குத் தெரியாது.

காலை முதல் மணியிலேயே உறங்கிவிடும் பையனின் வழக்குத்தான் கடினமாக இருந்தது. மரியாதைக் குறைவு என்றார்கள் பலர். ஒரு சிறுமி மட்டும், "அவன் தூங்கட்டும், ஸார். ராத்திரி என்ன வேலை பார்த்தான் என்று முதலில் கேளுங்கள்" என்றாள். தீக்குச்சி அடுக்கியும் பெட்டி ஒட்டியும் பழகிய கைகளைப் பள்ளிக்குத் திருப்புவதற்காக, 1988-ல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் தொடங்கிய இடங்களுள் சிவகாசியும் ஒன்று. அவ்வூரின் சரித்திரம் முழுவதும் அவள் கேள்விக்குள் இருந்தது.

உறங்குகிறவனாவது கண்ணில் படுகிறான். கைகட்டி, வாய்பொத்தி, கடைசி வரிசையில் அமர்ந்திருந்து, ஒருநாள் ஓசையின்றி நின்றுவிடுகிறவனை என்ன செய்வது? அவன் பெயர் கரும்பலகையில் ஒருபோதும் ஏறியதில்லை. ஆஜர்ப் பட்டியலைப் புரட்டும்போதுதான், அவன் வந்து எட்டு நாளாயிற்று என்று தெரிகிறது.