தெளிந்த தண்ணீரெல்லாம் நல்ல தண்ணீர் ஆகுமா?



மேட்டூர் அணையைத் திறந்து, காவிரித் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்ந்துவிட்டது என்றால் எங்கள் குரும்பகரத்தில் ஆண்களுக்கு ஒரே சந்தோஷம். பெண்களுக்குச் சந்தோஷத்தோடு கூடவே ஒரு கவலையும் வந்துவிடும். செக்கச் செவேலென்று வண்டலைச் சுமந்து வரும் புதுத் தண்ணீர் வயலுக்கு அமிர்தம்தான். ஆனால் குடத்துக்கு? வாய்க்காலோரக் கிணறுகள் கலங்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கேட்கவே வேண்டாம். குழாயில் இரண்டு நாள் தண்ணீர் நின்று மறுபடி வந்தாலும் முதல் நாலு குடம் டீத்தண்ணீர் நிறத்தில்தான் விழும்.

எதிர்வீட்டு மருமகள் ஏழு மாதக் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருநாள் கேட்டாள்: "அத்தை, படிகாரம் போட்டேன். தண்ணி கண்ணாடி மாதிரி தெளிஞ்சிடுச்சு. இனிமே காய்ச்சணுமா? கேஸ் விக்கிற விலையில வீணா எதுக்குன்னு எங்க வீட்டுல கேக்குறாங்க."

"பாதி வேலைதான் முடிஞ்சிருக்கு கண்ணு, மீதிப் பாதி அப்படியே இருக்கு" என்றேன்.

இந்த இதழில் நான் சொல்ல வந்ததும் அதுதான். தண்ணீரைத் தெளிய வைப்பது ஒரு வேலை; அதிலுள்ள கிருமியைக் கொல்வது இன்னொரு வேலை. முதல் வேலையை முடித்துவிட்டு இரண்டாவதை விட்டுவிட்டால் ஆபத்து. முதலாவதைச் செய்யாமல் இரண்டாவதற்குப் போனாலும் முழுப் பலன் கிடைக்காது. கலங்கல் தண்ணீரில் குளோரினைப் போட்டால், அதில் பெரும் பங்கை அழுக்கே தின்றுவிடும். கிருமிகளும் மண் துகளுக்குள் ஒளிந்துகொண்டு தப்பித்துவிடும்.

இது சும்மா பயமுறுத்தல் அல்ல. 2022 ஜூலை முதல் வாரத்தில் நம் காரைக்கால் மாவட்டத்தில் வயிற்றுப்போக்கு பரவி, காலராவும் உறுதியாகி, பொதுச் சுகாதார அவசர நிலை அறிவித்தார்கள். பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டார்கள். காய்ச்சிய தண்ணீரைக் குடியுங்கள் என்று வீடு வீடாகச் சொன்னார்கள். காலரா என்பது பாட்டி காலத்துக் கதை என்று நினைத்திருந்தவர்களுக்கு அது ஒரு பாடம்.

கண்ணும் நாக்கும் சொல்லும் சாட்சியை நம்பக் கூடாது என்பதற்கு 1854-ல் லண்டனில் நடந்த சம்பவம் ஒன்று உண்டு. பிராட் தெருவின் அடிபம்பைச் சுற்றி காலரா பரவியபோது, எத்தனையோ மைல் தள்ளி ஹாம்ஸ்டெட் என்ற இடத்தில் இருந்த ஒரு விதவை அம்மாளும் இறந்துபோனார். அந்தப் பகுதியில் வேறு யாருக்கும் நோய் இல்லை. ஜான் ஸ்னோ என்ற டாக்டர் விசாரித்தார். அந்த அம்மாள் முன்பு பிராட் தெருவில் குடியிருந்தவராம். அந்தப் பம்புத் தண்ணீரின் ருசி பிடித்துப்போய், தினமும் தருவித்துக் குடித்தாராம். ருசியான தண்ணீர்தான், உயிரைக் குடித்துவிட்டது.

நிறத்தைப் பார்த்து வைத்தியம்

கலங்கல் என்றதும் படிகாரத்தைத் தேடி ஓடாதீர்கள். முதலில் ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள்.

பால் மாதிரி வெள்ளையாக இருந்து, அடியிலிருந்து மேல்நோக்கித் தானே தெளிந்தால் அது வெறும் காற்றுக் குமிழி. பயமில்லை.

செம்மண் நிறமாக இருந்து, வைத்தால் அடியில் வண்டல் படிந்தால் அது மண் கலங்கல். இதற்குத்தான் படிகாரமும் தேற்றாங்கொட்டையும்.

பிடிக்கும்போது தெளிவாக இருந்து, ஒரு மணி நேரம் கழித்து மஞ்சளாகித் துருப்பொடி படிந்தால் இரும்புச்சத்து. போர்வெல் தண்ணீரில் இது சகஜம். உயரத்திலிருந்து அண்டாவில் ஊற்றி ஆற்றி, ஒரு ராத்திரி வைத்திருந்து, மேலாக எடுத்து வடிகட்டுங்கள்.

பச்சையாக இருந்தால் பாசி. தொட்டியில் வெயில் படுகிறது, மூடி சரியில்லை என்று அர்த்தம். தொட்டியைக் கழுவி மூடவேண்டும்.

கறுப்பாகவோ, சாக்கடை வாடையோடோ வந்தால் எந்த மருந்தும் வேண்டாம். அது கழிவுநீர் கலந்த தண்ணீர். குடிக்காமல், பாத்திரம்கூடக் கழுவாமல் கொட்டிவிட்டு, உடனே கொம்யூன் பஞ்சாயத்துக்குத் தகவல் சொல்லுங்கள். நாலு பெண்கள் சேர்ந்து போய்ச் சொன்னால் இன்னும் விசேஷம்.

தெளிய வைக்கும் முறைகள்

மண் துகள்கள் ஏன் தானாக அடியில் உட்காருவதில்லை தெரியுமா? மிக நுண்ணிய களிமண் துகள்கள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டே மிதக்கும். படிகாரம் அந்த விலக்கலை அடக்குகிறது. துகள்கள் ஒட்டிக்கொண்டு, பஞ்சு பஞ்சாகத் திரண்டு கனமாகி, கீழே இறங்கிவிடுகின்றன.

படிகாரம்: 15 லிட்டர் குடத்துக்கு அரை கிராம் முதல் ஒரு கிராம் போதும். கால் டீஸ்பூனுக்கும் குறைவான தூள். அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். ஒரு நிமிஷம் வேகமாகக் கலக்குங்கள். அப்புறம் ஐந்து நிமிஷம் மெதுவாக, பாயசம் கிண்டுவது மாதிரி. கலக்குவதில்தான் சூட்சுமமே இருக்கிறது. மெதுவாகக் கலக்கினால்தான் பஞ்சு திரளும். கடைசி வரை வேகமாகக் கலக்கினால் திரண்டது உடைந்துபோகும். பிறகு இரண்டு மணி நேரம் குடத்தை அசைக்காமல் வைத்து, மேல் தண்ணீரை மட்டும் மெல்லச் சாய்த்து எடுங்கள். அளவு கூடினால் தண்ணீர் துவர்க்கும். "நிறையப் போட்டா சீக்கிரம் தெளியும்" என்பது தப்பான அபிப்பிராயம்.

தேற்றாங்கொட்டை: நம் பாட்டிமார் உபயோகித்தது. கலித்தொகையிலேயே இதைப் பற்றிக் குறிப்பு இருக்கிறது. மரத்துக்கு அப்போது 'இல்லம்' என்று பெயர். சொரசொரப்பான கல்லில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, கொட்டையைச் சந்தனம் போல் இழைத்து, அந்த விழுதைக் குடத்தில் கலக்கி ராத்திரி முழுக்க வைத்தால் காலையில் தெளிந்திருக்கும். மண்பானையின் உட்புறத்தில் தேய்த்துவிட்டுத் தண்ணீர் ஊற்றுவதும் உண்டு. ஒரு ஜாக்கிரதை: எட்டிக்கொட்டையும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் அது கொடிய விஷம். தட்டையாக, வட்டத் தட்டு மாதிரி இருந்தால் தொடாதீர்கள். நம்பகமான நாட்டு மருந்துக் கடையில் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

முருங்கை விதை: கொல்லையில் முற்றிக் காய்ந்த முருங்கைக்காய் இருந்தால் காசே செலவில்லை. தோலை நீக்கி, வெள்ளைப் பருப்பை இடித்துத் தூளாக்கி, சுத்தமான தண்ணீரில் குழைத்து, துணியில் வடிகட்டிக் கலக்குங்கள். இரண்டு லிட்டருக்கு ஒரு விதை. ரொம்பக் கலங்கல் என்றால் லிட்டருக்கு ஒன்று. படிகாரத்துக்குச் சொன்ன மாதிரியே முதலில் வேகமாக, பிறகு மெதுவாக. சூடான் நாட்டுப் பெண்கள் நைல் நதித் தண்ணீரை இப்படித் தெளிய வைப்பதைப் பார்த்துத்தான் ஜெர்மனியைச் சேர்ந்த சாமியா ஜான் என்ற பெண் விஞ்ஞானி இதை ஆராய்ச்சி செய்து உலகத்துக்குச் சொன்னார். இந்தத் தண்ணீரை ஒரு நாளைக்கு மேல் வைக்கக் கூடாது, வாடை வந்துவிடும். நடுவதற்காக மருந்து தடவி விற்கும் விதை கூடவே கூடாது.

எப்படித் தெளிய வைத்தாலும், பழைய பருத்திப் புடவையை நாலு மடிப்புக்குக் குறையாமல் மடித்து வடிகட்டிவிடுங்கள். வங்காளதேசத்து மத்லப் கிராமங்களில் புடவைத் துணியால் வடிகட்டச் சொல்லிக் கொடுத்ததில் காலரா 48 சதவீதம் குறைந்தது என்று 2003-ல் வெளியான ஆராய்ச்சி சொல்கிறது. புதுசைவிடப் பழைய புடவைதான் நல்லது. நூல் பிரிந்து கண் நெருங்கியிருக்கும். வடிகட்டிய துணியை அலசி வெயிலில் காயப் போட மறக்காதீர்கள். ஆனால் பாதி குறைந்தது என்றால் மீதிப் பாதி இருக்கிறது அல்லவா? அதனால்தான் அடுத்த வேலை.

கிருமியைக் கொல்லும் முறை

காய்ச்சுவதற்கு மிஞ்சியது எதுவுமில்லை. தளதளவென்று கொப்புளம் விட்டு ஒரு நிமிஷம் கொதித்தால் போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இருபது நிமிஷம் கொதிக்க வைத்துக் கேஸை வீணாக்க வேண்டியதில்லை. வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லுங்கள், சம்மதித்துவிடுவார்! காய்ச்சிய பாத்திரத்திலேயே மூடி ஆறவிடுங்கள். வேறு குடத்துக்கு மாற்றி, அதில் கையைவிட்டு மொண்டால் பட்ட பாடெல்லாம் வீண். நீளக் கைப்பிடி அகப்பையோ, குழாய் வைத்த பானையோ இருக்கட்டும்.

ஆறு மாதம் முடியாத குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும். கோடையிலும் தண்ணீர் தனியாக வேண்டாம். அதற்கு மேற்பட்ட குழந்தைக்குக் கஞ்சி, கூழ் எல்லாம் காய்ச்சிய தண்ணீரில்தான்.

மேல்தொட்டிக்கும் கிணற்றுக்கும் பிளீச்சிங் பவுடர். தெளிந்த தண்ணீர் 1000 லிட்டருக்கு நல்ல பவுடர் 2.5 கிராம். அதாவது அரை டீஸ்பூனுக்குச் சற்றே அதிகம். 5 அடி குறுக்களவுள்ள கிணற்றில் 10 அடி தண்ணீர் இருந்தால் சுமார் 5,500 லிட்டர். அதற்கு 14 கிராம். வாளியில் கரைத்துப் பத்து நிமிஷம் வையுங்கள். சுண்ணாம்பு அடியில் தங்கிவிடும். மேல் தெளிவை மட்டும் வேறு வாளியில் ஊற்றி, கிணற்றுக்குள் இறக்கி, தண்ணீருக்கடியில் மேலும் கீழும் அசைத்துக் கலக்குங்கள். குறைந்தது ஒரு மணி நேரம் யாரும் இறைக்கக் கூடாது. ராத்திரி செய்துவிட்டால் விடிந்ததும் சௌகரியம். வெள்ளம் புகுந்த கிணறு என்றால் இந்த அளவு போதாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி ஆள் வரவழையுங்கள்.

பவுடரை இறுக மூடிய டப்பாவில், குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். வாடை போன பழைய பவுடரில் சத்து இல்லை. ஆசிட்டோடு சேர்த்துவிடாதீர்கள், விஷப் புகை கிளம்பும்.

இன்னொன்று. எங்கள் மாதிரி கடலோர ஊர்களில் தண்ணீரின் உப்பைப் படிகாரமோ, காய்ச்சுவதோ எடுக்காது.

பம்புசெட் தொட்டியும் நீச்சல் குளமும்

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நீச்சல் குளம் என்றால் பம்புசெட் தொட்டிதான். கோடை விடுமுறையில் பத்துப் பிள்ளைகள் விழுந்து குதித்தால் அன்று மாலையே தண்ணீர் கலங்கிவிடும். இதற்கு மருந்து தேடாதீர்கள். மடையைத் திறந்து வயலுக்கு விட்டுவிட்டு, பாசியைத் தேய்த்துக் கழுவி, ஒரு நாள் வெயிலில் காயவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்புங்கள். பிளாஸ்டிக் தொட்டியில் குழந்தையை விளையாட விட்டால், விளையாடி முடிந்ததும் கவிழ்த்துவிடுங்கள். கொசுவும் வராது, ஆபத்தும் இல்லை.

காரைக்கால் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததால் இங்கே பல குடும்பங்களுக்குப் பிரான்சில் உறவு உண்டு. அங்கே இருக்கிற எங்கள் சொந்தக்காரப் பெண் ஒருத்தி, "சித்தி, வீட்டு நீச்சல் குளம் பால் மாதிரி வெளுத்துக் கிடக்கு, என்ன செய்ய?" என்று போனில் கேட்டாள். குடத்துக்கு உள்ள சட்டம்தான் குளத்துக்கும். வடிகட்டியைக் கழுவி ஓடவிட வேண்டும். தண்ணீரின் கார அமில அளவு 7.2-க்கும் 7.6-க்கும் நடுவிலும், குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராமும் இருக்க வேண்டும். அப்படியும் தெளியாவிட்டால், திரள வைக்கும் மருந்தைப் போட்டு, ராத்திரி பம்பை நிறுத்திவைத்து, காலையில் அடியில் படிந்ததை உறிஞ்சி வெளியே விட வேண்டும்.

ஆனால் அவளிடம் நான் முதலில் சொன்னது வேறு: "அடியில் இருக்கிற வடிகால் மூடி கண்ணுக்குத் தெரியாத வரைக்கும் யாரையும் இறங்க விடாதே." கலங்கிய தண்ணீரில் ஒரு குழந்தை அடியில் கிடந்தாலும் மேலே நிற்பவருக்குத் தெரியாது. பிரான்சில் 2003-ல் வந்த சட்டப்படி, தரையில் பதித்த வீட்டு நீச்சல் குளத்துக்கு வேலி, மூடி, கூரை, எச்சரிக்கை மணி இவற்றில் ஒன்றாவது கட்டாயம். நம் கொல்லைக் கிணறுக்கும் பம்புசெட் தொட்டிக்கும் சட்டம் வரும் வரை காத்திராமல் ஒரு மூடி, ஒரு வேலி நாமே போட்டுக்கொள்ளலாமே!

இவ்வளவும் செய்தும் வயிற்றுப்போக்கு வந்துவிட்டால், தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று பயந்து குழந்தையைக் காயப் போடாதீர்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கைவசம் இருக்கட்டும். கிடைக்காத நேரத்தில், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி அளந்து கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். கண் குழிவிழுந்தாலும், குழந்தை துவண்டாலும், அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி போனாலும் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

அடுத்த இதழில் மேல்தொட்டியை ஆள் வைக்காமல் நாமே கழுவுவது எப்படி என்று சொல்கிறேன். உங்கள் ஊரில் தண்ணீரைத் தெளிய வைக்க வேறு வழி இருந்தால் எழுதுங்கள் சகோதரிகளே, எல்லோருக்கும் உதவும்.