இணையாத அடப்டரும் இல்லாத பழுதும்

"அண்ணை, ஸ்கேன் போட்டுப் பாத்தனாங்கள், ஒண்டும் வரேல்லை. கம்பியூட்டர் அடிச்சுப் போச்சு போல."

யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறை வீதியிலும் அதையொட்டிய ஒழுங்கைகளிலும் கார் வேலை செய்யும் எவருக்கும் இந்தப் பேச்சுப் பழக்கமானது. இதற்குப் பிறகு நடப்பதும் தெரிந்ததுதான். வாகனக்காரர் பாவித்த ஈ.சி.யு. (அந்தக் கம்பியூட்டர்ப் பெட்டி) ஒன்றைத் தேடித் தெற்கே ஆள் அனுப்புவார். பணம் போகும், கிழமைகள் போகும். புதுப் பெட்டியைப் பூட்டிய பிறகும் போன் அதே "இணைக்க முடியவில்லை" என்ற வரியையே காட்டும்.

போன் வாகனத்தோடு பேசவில்லை என்றால் அது வாகனத்தின் பழுது என்று முடிவுகட்ட எந்த நியாயமும் இல்லை. ஈ.சி.யு.வுக்கும் உங்கள் கையிலுள்ள திரைக்கும் இடையே சொக்கெற், அடப்டர், வானலை அல்லது வயர், செயலி என்று பல கண்ணிகள் இருக்கின்றன. அவை ஒவ்வொன்றையும் சோதித்து முடிக்கும் வரை "கம்பியூட்டர் பழுது" என்ற சொல் வாடிக்கையாளரின் காதில் விழக்கூடாது. இதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை என்பது இந்த இதழின் நிலைப்பாடு.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடமும் இருந்த அக்குவாவையும் வகன் ஆரையும் வெசலையும்தான் நாங்கள் ஓட்டி, திருத்தி, மீண்டும் ஓட்டினோம். திறந்த பிறகும் வரியோடு சேர்த்து வரும் விலை பலருக்கு எட்டாத உயரத்தில் நிற்கிறது. ஆகவே பத்து வயது தாண்டிய ஹைபிரிட் கார்தான் இன்னும் சில காலம் எங்கள் கராஜ்களின் அன்றாட வேலை. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது ஒஸ்ரின் ஏ40யையும் மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டையும் மண்ணெண்ணெயில் ஓடவைத்தவர்களின் ஊர் இது. காபுரேற்றரின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொன்ன காது இங்கே இருந்தது, இன்னும் இருக்கிறது. ஆனால் அக்குவாவின் இன்வேட்டருக்குள் நடப்பது காதுக்குக் கேட்காது. அங்கே முதற் சாட்சி ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 16 ஊசி ஓ.பி.டி. சொக்கெற்தான். அந்தச் சாட்சியை விசாரிக்கும் முறையில் நாங்கள் இன்னும் கவனம் எடுக்க வேண்டியிருக்கிறது.

முதல் வேலை மீற்றரோடு. அடப்டரைக் குத்துவதற்கு முன் 16ஆம் ஊசிக்கும் 4ஆம் ஊசிக்கும் இடையில் பற்றரி வோல்ற்றேஜ் வருகிறதா என்று பாருங்கள். பிறகு 16க்கும் 5க்கும் பாருங்கள். 4 என்பது பொடி எர்த், 5 சிக்னல் எர்த். 16இல் ஒன்றும் வராவிட்டால் பியூஸ் பெட்டிக்குப் போங்கள். பல ரொயோட்டாக்களில் ஓ.பி.டி. என்று பெயரிட்ட 7.5 அம்பியர் பியூஸ் தனியாகவே உண்டு. வேறு சில கார்களில் சிகரெற் லைற்றரும் இந்தச் சொக்கெற்றும் ஒரே பியூஸில் தொங்கும். மலிவான போன் சார்ஜர் ஒன்று அந்தப் பியூஸை எரித்திருந்தால், ஸ்கேன் வராததற்குக் காரணம் அவ்வளவுதான்.

4 அல்லது 5ஓடு பார்க்கும்போது மட்டும் வோல்ற்றேஜ் குறைந்தால் எர்த் பூட்டிய இடத்தைத் தேடுங்கள். கடல்நீரேரிக் கரையில் நிறுத்தப்படும் கார்களில் இது சும்மா சொல்லும் புத்திமதி அல்ல. உப்புக்காற்றில் பொடி போல்ற்றின் அடியில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கழற்றி, உரசி, கிறீஸ் பூசிப் பூட்டினால் பாதிக் கதை முடிந்துவிடும். அக்குவாவின் 12 வோல்ற் பற்றரி பின்சீற்றுக்குக் கீழே இருப்பதால் அதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். அது தளர்ந்தால் தொடர்பு அறுவதும், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத குறியீடுகள் கூட்டமாக வருவதும் வழமை.

கேன் என்ற இருவயர் முறையில் பேசும் வாகனம் என்றால் பற்றரியைக் கழற்றிவிட்டு 6ஆம், 14ஆம் ஊசிகளுக்கு இடையில் ஓம் பாருங்கள். பெரும்பாலான கார்களில் 60 ஓம் அளவு வரவேண்டும். 120 வந்தால் இரு முனைத் தடைகளில் ஒன்று விட்டுப்போயிற்று. பூச்சியத்துக்குக் கிட்ட வந்தால் இரண்டு வயரும் எங்கோ முட்டுகின்றன. கேற்வே வைத்த புதிய கார்களில் இந்தக் கணக்கு மாறலாம், அதற்கு அந்த மொடலின் வயரிங் படம் வேண்டும். இத்தனைக்கும் தேவைப்பட்டது ஒரு மீற்றர் மட்டுமே, போனை இன்னும் எடுக்கவேயில்லை.

அடுத்தது அடப்டர். பெரும்பாலோர் கையில் இருப்பது ஈ.எல்.எம்.327 என்று பெயர் ஒட்டியது. கனடாவின் எல்ம் எலக்ட்ரோனிக்ஸ் செய்த அந்தச் சிப் ஒரு மொழிபெயர்ப்பாளர் போன்றது: காரின் பேச்சைப் போனுக்குப் புரியும் எழுத்தாக்கித் தரும். முதற் பதிப்பில் பிரதி எடுப்பதற்குத் தடுப்பு வைக்காததால் நகல்கள் உலகெங்கும் பெருகின. எல்ம் நிறுவனம் 2022இல் மூடப்பட்டது, நகல்கள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. பெட்டியில் "வி1.5" என்று அச்சிட்டிருக்கிறதே, அப்படி ஒரு பதிப்பை எல்ம் வெளியிட்டதே இல்லை. 1.4க்குப் பிறகு அவர்கள் நேரே 2.0க்குப் போனார்கள். "வி2.1" என்று வரும் பல நகல்களில் வேண்டிய கட்டளைகளே இல்லை. சிப் தன்னை எந்தப் பதிப்பு என்று சொல்வதையும் நம்ப முடியாது, அது உள்ளே எழுதிவைத்த வெறும் எழுத்து. கட்டளைகளை ஒவ்வொன்றாக அனுப்பி எது வேலை செய்கிறது என்று காட்டும் செயலிகள் இலவசமாகவே இருக்கின்றன. வாங்கிய அன்றே, நல்ல நிலையில் உள்ள கார் ஒன்றில் அந்தச் சோதனையைச் செய்துவையுங்கள். தொழிலுக்கு என்று ஒன்று வாங்குவதானால் ஓ.பி.டி.லிங்க் போன்ற தரமான ஒன்று கராஜில் இருக்க வேண்டும். மலிவானது தடுமாறும்போது ஒப்பிட்டுப் பார்க்கவாவது அது தேவை.

போன் பக்கம் வரும் சிக்கல்கள் பெரும்பாலும் சின்னவை, ஆனால் நேரம் தின்பவை. பழைய வகைப் புளூடூத் அடப்டர் அன்ரொய்ட் போனோடுதான் சேரும். ஐபோனுக்கு பி.எல்.ஈ. (குறைசக்திப் புளூடூத்) வகையோ வைபை வகையோ வேண்டும். பழைய வகையை முதலில் போனின் செற்றிங்கில் 1234 அல்லது 0000 கொடுத்துச் சேர்த்து, பிறகு செயலிக்குள் தெரிவுசெய்ய வேண்டும். பி.எல்.ஈ. வகையைச் செற்றிங்கில் சேர்க்கவே கூடாது, செயலிக்குள் மட்டும்தான். அன்ரொய்ட் 12 முதல் அருகிலுள்ள சாதனங்களுக்கான அனுமதியைக் கொடுக்காவிட்டால் செயலி ஒன்றையும் காணாது. வைபை வகையில் போன் "இந்த வலையில் இணையம் இல்லை" என்று சொல்லிக்கொண்டு தானே மொபைல் டேற்றாவுக்குத் தாவிவிடும். டேற்றாவை நிறுத்தி, முகவரி 192.168.0.10, போர்ட் 35000 என்று கொடுத்தால் பல அடப்டர்கள் உடனே பேசும். பின்னணியில் இன்னொரு செயலி அடப்டரைப் பிடித்து வைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

லப்டொப் என்றால் டிரைவரும் கொம் போர்ட்டும்தான் கதை. புளூடூத் வழியாகச் சேர்த்தால் விண்டோஸ் இரண்டு கொம் போர்ட்களைக் காட்டும், வெளியே போகும் போர்ட்டைத்தான் எடுக்க வேண்டும். யூ.எஸ்.பி. என்றால் வேகம் 38400 அல்லது 115200. நேற்றுவரை வேலை செய்த வயர் இன்று செத்துக் கிடந்தால் டிரைவர் புதுப்பிப்பைச் சந்தேகியுங்கள். 2014இல் எப்.ரீ.டி.ஐ. நிறுவனத்தின் டிரைவர் விண்டோஸ் புதுப்பிப்போடு வந்து, போலிச் சிப்களின் அடையாள எண்ணைப் பூச்சியமாக்கி உலகெங்கும் வயர்களை முடக்கியது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் கார் பேசாமல் இருக்கலாம். யப்பானின் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்து இங்கே வந்த பழைய கார்களில் 16 ஊசிச் சொக்கெற் இருந்தாலும் பொதுவான ஓ.பி.டி. கேள்விகளுக்குப் பதில் வராமல் போகலாம். 7ஆம் ஊசி வழியாகப் பேசும் சில ரொயோட்டாக்களுக்குத் தனியான தொடக்கக் கட்டளைகளைச் செயலியில் எழுத வேண்டும். இன்னொன்று: அக்குவாவில் பிரேக்கை மிதிக்காமல் பவர் பட்டனை இரண்டு முறை அழுத்தினால்தான் இக்னிஷன் நிலை வரும். ஒரே முறை அழுத்திவிட்டு அடப்டரைக் குறை சொல்வது அநியாயம்.

இணைந்த பிறகு செய்யும் தவறு இன்னும் பெரியது. குறியீட்டைப் பார்த்தவுடன் அழிப்பது. அழிக்கும் கட்டளை குறியீட்டை மட்டும் அழிப்பதில்லை. பழுது தோன்றிய கணத்தில் ஈ.சி.யு. பதிந்துவைத்த வேகம், சூடு, லோட் எல்லாம் அதோடு போய்விடும். பி0ஏ80 வந்த ஓர் அக்குவாவை எடுத்துக்கொள்ளுங்கள். 144 வோல்ற் பற்றரித் தொகுதியை மாற்று என்பதே அந்தக் குறியீட்டின் வாசகம். ஆனால் ஈ.சி.யு. உண்மையில் கண்டது பிளாக்குகளுக்கு இடையிலான வோல்ற்றேஜ் வித்தியாசம். டொக்டர் பிரியஸ் போன்ற செயலியில், கார் ஓடும்போது ஒவ்வொரு பிளாக்கும் லோட்டில் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தால், ஒரே இடம் மட்டும் விழுவதைக் காணலாம். அங்கே மொடியூல் செத்திருக்கலாம். அல்லது உணரும் வயரின் முனையில், கரையோரக் காரில் எதிர்பார்க்க வேண்டிய அதே பச்சைப் பூப்பு ஏறியிருக்கலாம். பின்சீற்றுப் பக்கத்துக் காற்றுவாய் தூசியால் அடைத்து முழுத் தொகுதியும் சூடேறியிருக்கலாம். மூன்றுக்கும் செலவு வேறு வேறு. தொகுதியைத் திறப்பதற்கு முன் சேர்விஸ் பிளக்கைக் கழற்றுங்கள், பத்து நிமிடம் காத்திருங்கள், மின்காப்புக் கையுறை இல்லாமல் கைவைக்காதீர்கள்.

வேலை முடிந்ததும் அடப்டரைக் கழற்றிக் கொடுங்கள். 16ஆம் ஊசியில் எந்நேரமும் மின்சாரம் இருப்பதால் குத்தியபடி விட்ட மலிவு அடப்டர் சில நாளிலேயே தளர்ந்த பற்றரியை இறக்கிவிடும். அது ஒரு திறந்த கதவும்கூட. 2015இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக ஆய்வாளர்கள், இந்தச் சொக்கெற்றில் குத்திய ஒரு கருவிக்குக் குறுஞ்செய்தி அனுப்பியே கொர்வெற் கார் ஒன்றின் பிரேக்கை இயக்கிக் காட்டினார்கள்.

கிளிநொச்சியிலுள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்திலும் எங்கள் தொழில்நுட்பக் கல்லூரிகளிலும் வாகனத்துறை படித்து வெளியே வரும் பிள்ளைகளுக்கு இந்த ஒழுங்கு பிடிபட அதிக நாள் எடுக்காது. அவர்களை வேலைக்கு எடுக்கும் கராஜ்காரர்களிடம் எங்களுக்கு ஒரு வேண்டுகோள். வேலைச் சீட்டில் 16ஆம் ஊசியின் வோல்ற்றேஜ், பாவித்த அடப்டர், கிடைத்த புரோட்டோகோல், அழிக்கும் முன் இருந்த குறியீடு ஆகியவற்றுக்கு இடம் விட்டு அச்சடியுங்கள். சீட்டின் ஒரு பிரதி வாகனக்காரரிடம் போகட்டும். அடுத்த கராஜில் அவர் அதை நீட்டும்போது, அங்குள்ளவர் வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டியிராது.