ஊருக்கு விருந்து, வீட்டுக்குப் பட்டினியா?

1888-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி திருத்தணியில் ஒரு குழந்தை பிறந்தது. அதே ஆண்டு நவம்பர் 11-ஆம் தேதி மக்கா மாநகரில் இன்னொரு குழந்தை பிறந்தது. முதலாமவர் டாக்டர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். இரண்டாமவர் மௌலானா அபுல் கலாம் ஆசாத். ஒருவர் எளிய தெலுங்குக் குடும்பத்துப் பிள்ளை. மற்றவர் ஆலிம்கள் வழிவந்த அறிஞர். சுதந்திர இந்தியாவின் பெயரை உலக அரங்கில் நிமிர வைத்ததில் இந்த இருவருக்கும் பெரும் பங்கு உண்டு. பட்டாளத்தைக் காட்டி அல்ல; படிப்பைக் காட்டி!

ராதாகிருஷ்ணன் 1936 முதல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 1949 முதல் 1952 வரை மாஸ்கோவில் நமது தூதர். நாட்டின் முதல் கல்வி அமைச்சரான ஆசாத், 1950-ல் இந்தியக் கலாச்சார உறவுகள் கழகத்தை நிறுவினார். அரபுலகம் இந்தியாவை அறிய வேண்டுமென்று ‘ஸகாஃபத்துல் ஹிந்த்’ என்ற அரபு இதழ் அங்கிருந்து வெளிவந்தது. 1956-ல் யுனெஸ்கோவின் பொதுமாநாடு புதுடெல்லியில் கூடியபோது அதற்குத் தலைமை தாங்கியவரும் ஆசாத்தான். ரேஷன் அரிசிக்கே திண்டாடிய ஒரு நாட்டின் சொல்லை உலகம் காது கொடுத்துக் கேட்டது என்றால், அதற்குப் பின்னால் இத்தகையோரின் உழைப்பு இருந்தது.

படை அனுப்பாமல், பணத்தால் மிரட்டாமல், மனங்களைக் கவர்ந்து பெறும் செல்வாக்கை இன்று ‘மென்வலிமை’ என்கிறார்கள். 1990-ல் ஜோசப் நை என்ற அமெரிக்கப் பேராசிரியர் வைத்த பெயர் இது. பெயர்தான் புதிது; சரக்கு பழையது. திருத்தணிக் கடைத்தெரு வியாபாரியைக் கேளுங்கள். நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் வரும் வாடிக்கையாளரிடம் தெலுங்கில் நலம் விசாரிப்பார்; எடையைச் சரியாகப் போடுவார். 1960-ல் இந்த ஊர் ஆந்திரத்திலிருந்து தமிழகத்தோடு சேர்ந்தது. எல்லைக்கோடு மாறியதே தவிர, வாடிக்கை மாறவில்லை. நாடுகளுக்கும் இதுதான் பாடம்.

நமது முன்னோர் இந்தப் பாடத்தைக் கடல் கடந்தும் நடத்திக் காட்டினார்கள். பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் சிங்கப்பூரின் நாகூர் தர்காவும் எந்த அரசும் அனுப்பிய தூதரகங்கள் அல்ல. 200 ஆண்டுகளுக்கு முன் கப்பலேறிய தமிழ் முஸ்லிம்கள் எழுப்பியவை. சிங்கப்பூர் அரசு 1974-ல் அந்த தர்காவைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது. பினாங்கில் அவர்கள் தோளில் காவடியாகச் சுமந்து விற்ற சோறும் கறியும் இன்று ‘நாசி கண்டார்’ என்று மலேசியாவின் பெருமையாகிவிட்டது!

வல்லரசும் அல்லாத, சிறு நாடும் அல்லாத நடுத்தர நாடுகள் இதை இன்று திட்டமிட்டே செய்கின்றன. போரில் சிதைந்து பிறர் உதவியில் வாழ்ந்த தென்கொரியா, 1991-ல் தனக்கென உதவி நிறுவனம் தொடங்கி, 2010-ல் உதவி வழங்கும் நாடுகளின் குழுவில் அமர்ந்தது. துருக்கி 1992-ல் இதே போன்ற நிறுவனம் தொடங்கியது. இன்று தொலைக்காட்சித் தொடர்களால் வீடு வீடாக நுழைகிறது. வெளிநாட்டு மாணவர்களுக்குக் கட்டணம், விடுதி, விமானச் சீட்டு அனைத்தும் கொடுத்துப் படிக்க வைக்கிறது. மலேசியா 1980 முதல் வளரும் நாடுகளின் அலுவலர்களுக்குப் பயிற்சி தருகிறது. முஸ்லிம்கள் பெரும்பான்மையான அந்த நாடு, பத்துமலையில் 2006-ல் எழுந்த 140 அடி முருகன் சிலையை உலகப் பயணிகளுக்குத் தன் முகமாகவே காட்டுகிறது. அங்கே குறையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் சிறுபான்மையோரின் அடையாளமும் நாட்டின் சொத்துதான் என்ற வியாபாரப் புத்தியாவது அங்கே இருக்கிறது!

செல்வாக்கைச் சேர்ப்பது ஒரு கலை என்றால், கூட்டாகப் பகிர்வது அதனினும் பெரிய கலை. இந்தியா, பிரேசில், தென்னாப்பிரிக்கா மூன்றும் 2004-ல் ஒரு பொது நிதி வைத்தன. ஆண்டுக்கு ஆளுக்கு 10 லட்சம் டாலர். வல்லரசுகளின் கணக்கில் இது சில்லறை. ஆனால் அந்தச் சில்லறையில்தான் ரமல்லாவில் விளையாட்டு அரங்கம் எழுந்தது. காஸாவின் அல்குத்ஸ் மருத்துவமனை சீரமைக்கப்பட்டது. நிபந்தனை இல்லாமல் கொடுத்த கைக்குத் தனி மரியாதை உண்டு.

இந்தியாவும் சும்மா இருக்கவில்லை. 1964 முதல் நடக்கும் தொழில்நுட்பப் பயிற்சித் திட்டத்தில் 160-க்கும் மேற்பட்ட நாடுகளின் அலுவலர்கள் இங்கே வந்து பயில்கிறார்கள். ஆசாத் நிறுவிய கழகம் இன்றும் வெளிநாட்டு மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்குகிறது. வரவேற்கிறோம். ஆனால் அதே ஆசாத்தின் பெயரால் சிறுபான்மை ஆய்வு மாணவர்களுக்கு 2009 முதல் இருந்த உதவித்தொகை என்ன ஆயிற்று? 2022 டிசம்பரில் நிறுத்தப்படுவதாக நாடாளுமன்றத்திலேயே அறிவித்தார்கள். வெளிநாட்டில் படிக்கக் கடன் வாங்கும் சிறுபான்மை மாணவர்களுக்கு இருந்த வட்டி மானியமும் 2022-23-லிருந்து இல்லை. இவை பிற திட்டங்களோடு இரட்டிப்பாகின்றன என்று காரணம் சொல்கிறார்கள். வெளிநாட்டுப் பிள்ளைக்கு ஆசாத் பெயரால் விருந்து. உள்நாட்டுப் பிள்ளைக்கு ஆசாத் பெயராலேயே கதவடைப்பா?

வீட்டில் நடப்பது வெளியே தெரியாது என்று ஆட்சியாளர்கள் நினைக்கக் கூடாது. 2022-ல் ஆளுங்கட்சியின் செய்தித் தொடர்பாளர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைப் பற்றி இழிவாகப் பேசினார். ஜூன் 5-ஆம் தேதி கத்தார், குவைத், ஈரான் மூன்றும் நமது தூதர்களை அழைத்துக் கண்டித்தன. குவைத்தில் ஓர் அங்காடியில் இந்தியச் சரக்குகளை அலமாரியிலிருந்து இறக்கினார்கள். அந்த அரிசியையும் மிளகாயையும் விளைவித்தவரும் அனுப்பியவரும் எல்லா மதத்தினரும்தான். ஒருவர் நாக்கு செய்த பிழைக்கு நஷ்டப்பட்டது நாட்டின் வியாபாரம்! எழுபது ஆண்டுகள் சேர்த்த நன்மதிப்பு எவ்வளவு மெல்லிய கண்ணாடி என்பதை அந்த ஒரு நாள் காட்டியது.

எனவே மத்திய அரசை வலியுறுத்துகிறோம்: நிறுத்திய கல்வி உதவிகளை மீண்டும் வழங்குங்கள். இது சலுகைக் கோரிக்கை அல்ல; நாட்டின் நற்பெயருக்கான முதலீடு.

சமுதாய இளைஞர்களே! துருக்கி, கொரியா போன்ற நாடுகள் ஆண்டுதோறும் உதவித்தொகைக்கு விண்ணப்பம் கேட்கின்றன. திறந்திருக்கும் கதவைத் தட்டுங்கள். மதிப்பெண்ணோடு ஒரு மொழியும் கையில் இருக்கட்டும். ஜமாஅத்துகள் விவரம் சேகரித்துப் பிள்ளைகளுக்கு வழிகாட்டட்டும்.

வணிகப் பெருமக்களே! துபாய்க்கும் கோலாலம்பூருக்கும் நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு பெட்டியிலும் நாட்டின் பெயர் ஒட்டியிருக்கிறது. சரக்கு சுத்தமாக இருக்கட்டும்; சொன்ன தேதியில் போய்ச் சேரட்டும். இந்த நாட்டின் மரியாதையை உயர்த்துவதில் நமக்கும் பங்கு உண்டு. அந்த மரியாதையின் பலனிலும் நமக்குப் பங்கு உண்டு. முன்னதை நாம் செய்வோம். பின்னதைக் கேட்டுப் பெறுவோம்!